வீட்டுப் பத்திரம் யார் பேரில் இருக்கிறது? டர்பன் கோயில் குழுக்களுக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

டர்பன் வட்டாரத்துக் கோயில் நிர்வாகக் குழுவினருக்கும் தமிழ்ச் சங்கப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

வீடு கைமாறும்போது பத்திரப் பதிவு வேலைகளைச் செய்கிற ஒரு வக்கீல் அலுவலகத்தில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், இசிபிங்கோ என்று நம் ஜனங்கள் இருக்கிற இடத்து வீட்டுக் காகிதங்கள் தினமும் என் மேசைக்கு வருகின்றன. இந்த மடலை நகராட்சிக்கும் எழுதலாம், வக்கீல் சங்கத்துக்கும் எழுதலாம். உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. நம்மவர்கள் வீடு விற்க நினைத்தாலும் வாங்க நினைத்தாலும் முதலில் காதில் போடுவது கோயிலில் தெரிந்த ஒருவரிடம்தான். விலை அங்கேதான் பேசப்படுகிறது, வாக்கும் அங்கேதான் கொடுக்கப்படுகிறது. காகிதத்தைப் பார்ப்பது எல்லாம் முடிந்த பிறகு. இந்த வரிசையைத் திருப்பிப் போட உங்களால் முடியும். வருடத்தில் ஒரு நாள் மண்டபத்தைத் திறந்து, ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வீட்டுக் காகிதத்தை எடுத்துவந்து சரிபார்க்க வழி செய்யுங்கள். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

நான் அடிக்கடி பார்க்கிற சிக்கல் ஒன்றே ஒன்று: பத்திரத்தில் இருப்பது செத்துப்போனவர் பேர்.

ஒரு அக்கா வந்தார். புடவைக் கடைப் பிளாஸ்டிக் பையில் எல்லாவற்றையும் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்தார். மடித்த இடத்தில் கிழிந்து டேப் ஒட்டிய வீட்டுப் பத்திரம் (டைட்டில் டீட்), தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், நகராட்சிக்குக் கட்டுகிற வீட்டு வரிக்கான, அதாவது ரேட்ஸுக்கான, ரப்பர் பேண்ட் போட்ட ரசீதுக் கட்டு. வாங்க ஆள் தயார். அவருக்கு பாண்ட்டும் (வீட்டுக்கடன்) வங்கியில் கிடைத்துவிட்டது. பத்திரத்தைப் பிரித்தால் உரிமையாளர் தாத்தா. தாத்தா போய், ஆயா போய், அப்பாவும் போய்விட்டார். இறந்தவர் விட்டுப்போன சொத்தை எஸ்டேட் என்பார்கள், அதைக் கவனிக்கிற அரசு அலுவலகம் மாஸ்டர் அலுவலகம். மூன்று பேருடைய சாவில் ஒன்றுகூட அங்கே எஸ்டேட்டாகப் பதிவாகவில்லை. "நான்தானே இத்தனை வருஷமா ரேட்ஸ் கட்டுறேன்?" என்று கேட்டார். உண்மைதான், ஒரு மாதம் தவறாமல் கட்டியிருக்கிறார். ஆனால் ரேட்ஸ் கட்டுவதால் வீடு ஒருவர் பேருக்கு வந்துவிடாது. தாத்தா எஸ்டேட், அதற்குப் பின் ஆயா எஸ்டேட், அதற்குப் பின் அப்பா எஸ்டேட் என்று ஒவ்வொன்றாகத் திறந்து முடிக்க வேண்டும். அதுவரை காத்திருக்க வாங்க வந்தவரால் முடியவில்லை. அவர் வேறு வீடு பார்த்துப் போய்விட்டார்.

இதில் அந்த அக்காவைக் குறை சொல்ல எதுவும் இல்லை. நம் குடும்பங்கள் இந்த வீடுகளுக்கு வந்த விதத்தை நினைத்துப் பாருங்கள். எந்த இனத்தவர் எந்தப் பகுதியில் இருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் 1950-இல் வந்தது. கேட்டோ மேனரிலும் மேகசின் பாரக்ஸிலும் இருந்தவர்களைக் கிளப்பி 1960-களில் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். 1976-லிருந்து ஃபீனிக்ஸில் ஆட்களைக் குடியேற்றினார்கள். முதலில் நகராட்சி வீட்டுக்கு வாடகை, பின்னால் அதே வீட்டைத் தவணையில் வாங்கிக்கொள்ளும் வழி. தாத்தாக்கள் பாடுபட்டுக் கட்டித் தீர்த்தார்கள். பத்திரம் கைக்கு வந்ததும் அலமாரியில் பூட்டிவைத்தார்கள். அதற்குப் பிறகு அதைத் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. சட்டத்தால் ஒருமுறை வீட்டை இழந்த குடும்பங்கள், இப்போது காகிதம் சரியில்லாமல் இரண்டாவது வீட்டிலும் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

செய்ய வேண்டியது கஷ்டமானது இல்லை. ஒருவர் இறந்தால் 14 நாளுக்குள் மாஸ்டர் அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். இருபது வருடம் தாண்டிப் போனாலும் தெரிவிக்கலாம், தெரிவித்துத்தான் ஆக வேண்டும். எஸ்டேட்டின் மதிப்பு 250,000 ரேண்டுக்கு மேல் என்றால் எஸ்டேட்டை நிர்வகித்து முடிக்கிற எக்ஸிகியூட்டரை நியமித்துக் கடிதம் தருவார்கள். அதற்குள் என்றால் சுலபமான அதிகாரக் கடிதம் போதும். இன்றைய விலையில் ஒரு வீடு இருந்தாலே பெரும்பாலும் முதல் வகைதான். அந்தக் கடிதம் கையில் இல்லாதவர் போடுகிற விற்பனைக் கையெழுத்துக்கு மதிப்பில்லை. "நாங்க அண்ணன் தம்பி எல்லாரும் சம்மதம்" என்று போலீஸ் ஸ்டேஷனில் அஃபிடவிட் எழுதிக்கொண்டு வருகிறார்கள். அது இந்தக் கடிதத்துக்கு ஈடாகாது. அப்பா உயிரோடு இருந்தபோது கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னியைக் காட்டுகிறவர்களும் உண்டு. கொடுத்தவர் இறந்த அன்றே அந்தப் பவரும் போய்விட்டது.

செலவைப் பற்றிய பயம் பலருக்கு இருக்கிறது. எக்ஸிகியூட்டர் கட்டணம் எஸ்டேட்டின் மொத்தச் சொத்தில் 3.5 சதவீதம் வரை போகும், வாட் வரி தனி. ஆனால் அது பேசிக் குறைக்கக்கூடியது. குடும்பத்தில் ஒருவரே எக்ஸிகியூட்டர் ஆனால் கட்டணமே வேண்டாம் என்றும் சொல்லலாம். வாரிசு பேருக்கு வீடு மாறும்போது, சொத்து கைமாறுவதற்கு அரசு போடுகிற வரியான டிரான்ஸ்ஃபர் டியூட்டி கிடையாது. இது தெரியாமலேயே பல குடும்பங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டு வருகின்றன.

இதில் கோயில்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு உதவி உண்டு. நம் ஆயாக்களில் பலருடைய கல்யாணம் கோயிலில் தாலி கட்டி நடந்ததோடு சரி, அரசாங்கத்தில் பதிவாகவில்லை. உயில் இல்லாமல் கணவர் இறந்தால் இப்படிப்பட்ட மனைவிக்கு ஒன்றும் கிடையாது என்று இன்னும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அது தவறு. இந்து முறைப்படி கல்யாணம் செய்த மனைவியும், உயில் இல்லாதவர் சொத்தைப் பிரிக்கிற சட்டத்தின் கண்ணில் மனைவிதான் என்று டர்பன் உயர் நீதிமன்றம் 2008-இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஒரு பிள்ளைக்கு வருகிற பங்கு அளவோ 250,000 ரேண்டோ, எது அதிகமோ அது அவருக்குச் சேரும். ஆனால் கல்யாணம் நடந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். கல்யாணப் பத்திரிகை, போட்டோ, ஐயர் கையெழுத்துப் போட்ட கடிதம் இவையெல்லாம் உதவும். எல்லாவற்றையும்விட உதவுவது உங்கள் கோயிலின் பழைய கல்யாணப் பதிவேடு. தயவுசெய்து அந்த நோட்டுகளைத் தூக்கிப்போடாதீர்கள். கரையான் அரிப்பதற்குள் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். ஒரு கிழவி தன் வீட்டில் உரிமையோடு இருப்பதற்கு அந்த ஒரு வரி போதும்.

அடுத்து வாய்ப்பேச்சு. 1981-ஆம் வருடத்து நில விற்பனைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: எழுத்தில் இல்லாத, இரண்டு தரப்பும் கையெழுத்திடாத நில விற்பனை செல்லாது. அண்ணன் தம்பிக்குக் கொடுத்தாலும் இதே சட்டம்தான். பெரியவர்கள் முன்னிலையில் பேசி முடித்தோம், பாதிப் பணம் கையில் கொடுத்தோம், குடியும் வந்துவிட்டோம் என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். வந்தவர் சமையலறையை இடித்துக் கட்டுவார், தரைக்கு டைல்ஸ் போடுவார். விற்றவர் இறந்ததும் அவர் பிள்ளைகள் வந்து "எங்கப்பா உங்களுக்கு விக்கவே இல்லையே" என்பார்கள். அப்போது பேச்சுக்குச் சாட்சியாக நின்ற கோயில் தலைவரால் அந்த விற்பனையைச் செல்லுபடியாக்க முடியாது. அதனால் உங்கள் முன்னிலையில் விலை பேச யாராவது வந்தால், பேசுங்கள், வாழ்த்துங்கள். ஆனால் பணம் கைமாற விடாதீர்கள். முன்பணம் வக்கீலின் டிரஸ்ட் கணக்குக்கு, அதாவது கட்சிக்காரர் பணத்தைத் தனியாக வைக்கிற கணக்குக்குப் போகட்டும். எழுதிக்கொடுத்தால் அந்தப் பணத்துக்கு வட்டியும் வாங்குகிறவர் பேரில் சேரும்.

எழுத்தில் போடும்போது கணவன் மனைவி இரண்டு பேர் கையெழுத்தையும் கவனியுங்கள். பதிவுக் கல்யாணத்துக்கு முன் தனி ஒப்பந்தம் எழுதாதவர்களுக்குச் சொத்து எல்லாம் பொதுச் சொத்து. பத்திரத்தில் ஒருவர் பேர் மட்டும் இருந்தாலும் அடுத்தவர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும்.

இன்னொன்று, தேதி. "பாண்ட் கிடைத்தால்தான் வாங்குவேன்" என்று நிபந்தனை போட்டு அதற்கு ஒரு தேதியும் எழுதுகிறார்கள். அந்தத் தேதிக்குள் வங்கி சம்மதிக்காவிட்டால் ஒப்பந்தம் தானாகவே முடிந்துவிடும். நீட்டிக்க வேண்டுமென்றால் தேதி தாண்டுவதற்கு முன்பே இரண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வாட்ஸ்அப்பில் "ஓகே அண்ணா, ரெண்டு வாரம் டைம் எடுத்துக்குங்க" என்று போட்டதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

இப்போது வீட்டைப் பற்றி. நம் பகுதியில் பின்பக்கம் ஒரு அறையோ, ஓர் அவுட்பில்டிங்கோ, காருக்கு ஒரு கூரையோ கட்டாத வீட்டைப் பார்ப்பது அரிது. பிள்ளைக்குக் கல்யாணம் ஆனதும் ஒரு அறை கூடும். அதைக் குறையாகச் சொல்லவில்லை, சின்ன வீட்டில் பெரிய குடும்பம் வேறெப்படி இருக்கும்? ஆனால் அவற்றில் பலவற்றுக்கு நகராட்சி ஒப்புதல் தந்த பிளான் இல்லை. 1977-ஆம் வருடத்துக் கட்டடச் சட்டப்படி பிளான் இல்லாமல் கட்டக் கூடாது. விற்கும்போது பிளான் காட்டியே ஆக வேண்டும் என்ற சட்டம் இல்லாததால் கைமாறுவது நடந்துவிடுகிறது. பிறகு வாங்கியவருக்குத்தான் தலைவலி. வங்கி பிளான் கேட்கும். தீப்பிடித்தால் இன்ஷூரன்ஸ்காரர் கைவிரிக்க ஒரு காரணம் கிடைக்கும். இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வரவும் இடமுண்டு.

விற்றவரைப் பிடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். இங்கே எழுதுகிற ஒப்பந்தங்களில் பெரும்பாலும் ஃபுட்ஸ்டூட்ஸ் என்ற விதி இருக்கும், அதாவது உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன் என்பது. பிளான் இல்லாமல் இருப்பதும் கண்ணுக்குத் தெரியாத குறைதான், அந்த விதி அதற்கும் பொருந்தும் என்று புளூம்ஃபோன்டெய்னில் உள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-இல் சொல்லிவிட்டது. விற்றவர் தெரிந்தே, ஏமாற்றும் எண்ணத்தோடு மறைத்தார் என்று வாங்கியவர் நிரூபித்தால் மட்டும் வழி உண்டு. அதை நிரூபிப்பதற்குள் வக்கீல் செலவே கழுத்தை நெரிக்கும். அதனால் வாங்குகிறவர் கையெழுத்துப் போடும் முன்பே நகராட்சிக் கோப்பில் இருக்கிற பிளானின் நகலைக் கேட்டு வாங்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடக்க வேண்டும். பிளானில் ஒரு அறை, எதிரே மூன்று அறை என்றால் இரண்டுக்குப் பிளான் வாங்கித் தருவது விற்பவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்ல வேண்டும்.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022 பிப்ரவரி 1 முதல் நடப்புக்கு வந்த சொத்து முகவர் சட்டப்படி, விற்பவர் வீட்டின் குறைகளை எழுதிக் கையெழுத்திட்ட படிவம் இல்லாமல் எந்த ஏஜென்ட்டும் வீட்டை விற்க எடுக்கக் கூடாது. கூரை ஒழுகுவது, சுவரில் விரிசல், பிளான் இல்லாத கட்டடம் எல்லாவற்றையும் அதில் சொல்லலாம். சிலர் பயந்துபோய் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று டிக் போட்டுவிடுகிறார்கள். ஐயா, அம்மா, அப்படிச் செய்யாதீர்கள். சொன்ன குறையை வைத்து உங்கள் மேல் யாரும் வழக்குப் போட முடியாது. மறைத்த குறைக்குத்தான் அந்தப் படிவமே சாட்சியாக வந்து நிற்கும். ஏஜென்ட் இல்லாமல் தெரிந்தவருக்கு நேராக விற்றாலும் இதே படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். உறவு கெடாமல் இருப்பதற்கும் அதுதான் நல்லது.

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஜூன், ஜூலையில் வீடு பார்க்கிறார்கள். டர்பனில் அது மழையில்லாத காலம். சுவர் காய்ந்திருக்கும், புதுப் பெயிண்ட் பளிச்சென்று இருக்கும். முடிந்தால் கோடை மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். போக முடியாவிட்டால் அலமாரியை நகர்த்தச் சொல்லிப் பின்சுவரைத் தொட்டுப் பாருங்கள், மூலையில் பெயிண்ட் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். மேட்டுச் சரிவில் இருக்கிற வீடு என்றால் மண்ணைத் தாங்குகிற சுவர் முக்கியம். இந்த ஊரின் சிவப்பு மணல் காய்ந்திருக்கும்போது கெட்டியாகத் தெரியும், தண்ணீர் புகுந்தால் பொலபொலவென்று சரியும். 2022 ஏப்ரல் மழையில் இந்த மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. சாட்ஸ்வொர்த்தில் மண் சரிந்ததை நீங்கள் எல்லாரும் கண்ணால் பார்த்தீர்கள். சுவர் முன்பக்கம் சாய்ந்திருக்கிறதா, சுவரில் தண்ணீர் வெளியேற ஓட்டை விட்டிருக்கிறார்களா, மேல் வீட்டுக்காரரின் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, இதையெல்லாம் கேட்காமல் விலை பேசாதீர்கள். பழைய வீடுகளில் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருக்கும். அது இருப்பதால் வீட்டையே வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதைத் துளைக்கவோ அறுக்கவோ கூடாது, மாற்றுவதற்குப் பதிவு பெற்ற ஆட்கள்தான் வர வேண்டும். அந்தச் செலவையும் விலையில் கணக்குப் பார்க்க வேண்டும்.

சின்ன விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரேட்ஸ் பாக்கி இல்லை என்ற நகராட்சிச் சான்றிதழ் இல்லாமல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திர அலுவலகம் பேர் மாற்றாது. அதற்கான பணத்தை விற்பவர் முன்கூட்டியே கட்ட வேண்டியிருக்கும், கையில் வைத்திருங்கள். பழைய சொந்தக்காரர் வைத்துவிட்டுப் போன பழைய பாக்கியைப் புதியவரிடம் நகராட்சி வசூலிக்க முடியாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்திருக்கிறது. வீட்டு மின் இணைப்புகள் சரியாக இருக்கின்றன என்ற மின்சாரச் சான்றிதழ் இரண்டு வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. லோட்ஷெடிங் (முறை வைத்து மின்சாரம் நிறுத்திய) சமயத்தில் இன்வெர்ட்டர், சோலார் போட்டவர்கள் அதையும் சான்றிதழில் சேர்த்துவிட்டீர்களா என்று பாருங்கள். வீட்டுக்கடன் பாக்கி இருந்தால், கடனை முடிக்கப் போகிறேன் என்று வங்கிக்கு 90 நாள் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அபராதம் போடுவார்கள். 2025 ஏப்ரலில் வந்த அட்டவணைப்படி 1,210,000 ரேண்ட் வரை டிரான்ஸ்ஃபர் டியூட்டி இல்லை. அதற்கு மேல் உள்ளதற்கு முதல் படியில் 3 சதவீதம். 1,400,000 ரேண்ட் வீட்டுக்கு 5,700 ரேண்ட் வரும், அதை வாங்குகிறவர் கட்ட வேண்டும். வக்கீல் கட்டணம் அதற்கு மேல் தனி.

ஒன்றை மட்டும் வேகமாகச் சொல்லிவிட்டுப் போக மனமில்லை. வக்கீல் அலுவலகத்திலிருந்து வருவது போலவே மின்னஞ்சல் வரும். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பணத்தை இதற்கு அனுப்புங்கள்" என்று இருக்கும். கையெழுத்து, லோகோ எல்லாம் அச்சு அசலாக இருக்கும். ஜோஹன்னஸ்பர்க்கில் 2019-இல் வீடு வாங்கிய ஒரு பெண்மணி இப்படி 55 லட்சம் ரேண்டைத் திருடர்கள் கணக்குக்கு அனுப்பிவிட்டார். வக்கீல்கள்தான் பொறுப்பு என்று கீழ்க்கோர்ட் சொன்னது. 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, கணக்கு எண்ணைச் சரிபார்த்துக்கொள்ள அவருக்கே வழி இருந்தது என்று சொல்லிவிட்டது. ஆகவே நம் ஜனங்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லுங்கள்: கணக்கு எண்ணை மின்னஞ்சலில் பார்த்து நம்பாதீர்கள். உங்களுக்கு முன்பே தெரிந்த தொலைபேசி எண்ணில் அலுவலகத்தைக் கூப்பிட்டு ஒவ்வொரு இலக்கமாகப் படித்துக் கேளுங்கள். அந்த மின்னஞ்சலிலேயே இருக்கிற எண்ணைக் கூப்பிட்டால் எடுப்பதும் அதே திருடன்தான்.

இனி உங்களிடம் நான் கேட்பது. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாக் குடும்பமும் கோயிலுக்கு வருகிறது. வயதானவர்களும் வருகிறார்கள். அதில் ஒரு ஞாயிறு மட்டும் பூஜை முடிந்ததும் மண்டபத்தில் நான்கு மேசை போடுங்கள். நம் பிள்ளைகளில் வக்கீல் படித்தவர்கள், வங்கியில் வேலை செய்பவர்கள், எலெக்ட்ரீஷியன்கள் இல்லாத கோயில் எது? இரண்டு மணி நேரம் உட்காரச் சொன்னால் உட்காருவார்கள். அறிவிப்பில் இப்படிப் போடுங்கள்: டைட்டில் டீட், கடைசி ரேட்ஸ் பில், இறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், பிளான், உயில், எது இருக்கிறதோ அதைக் கொண்டுவாருங்கள். டைட்டில் டீட் தொலைந்துபோனவர்களும் வரட்டும். அஃபிடவிட் எழுதி, பேப்பரில் அறிவிப்புக் கொடுத்து நகல் வாங்க வழி இருக்கிறது. அதை விற்கிற அவசரத்தில் செய்வதைவிட இப்போதே செய்வது நல்லது. முதல் மேசையில் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: பத்திரத்தில் இருக்கிற பேர்க்காரர் உயிரோடு இருக்கிறாரா? இல்லை என்றால் அடுத்த மேசைக்கு அனுப்புங்கள், அங்கே மாஸ்டர் அலுவலகப் படிவத்தை உட்கார்ந்து நிரப்பலாம்.

அப்புறம் உங்கள் திருவிழா மலரில் வீட்டு ஏஜென்ட்டுகள் முழுப்பக்க விளம்பரம் தருகிறார்கள். கோயிலுக்கு அந்தப் பணம் தேவைதான், வாங்கிக்கொள்ளுங்கள். வாங்குவதற்கு முன், ஏஜென்ட் தொழில் செய்ய அனுமதி தருகிற, நடப்பில் இருக்கிற ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அது இல்லாத ஏஜென்ட்டுக்குக் கமிஷன் வாங்கவே சட்டத்தில் உரிமை இல்லை. காட்டாதவர் விளம்பரம் அம்மன் படத்துக்குப் பக்கத்தில் அச்சாக வேண்டாம். அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் நம் ஜனங்கள் அவரை நம்புகிறார்கள்.

எந்தக் கோயில் நாள் குறித்துச் சொன்னாலும் நான் வருகிறேன், முதல் மேசையில் உட்காருகிறேன். நகல் எடுக்க ஒரு மெஷினும், ஆயாக்கள் உட்கார முதுகு சாய்க்கிற நாற்காலிகளும் மட்டும் ஏற்பாடு செய்யுங்கள்.

அன்புடன்,
டர்பனிலிருந்து உங்களில் ஒருத்தி